ரத்தம் என்னோடது, குழாய் அவனோடது

2024 ஆடி மாசம் ஒரு ராத்திரி, மணி பதினொன்னு இருக்கும், தம்பி கட்டில்ல படுத்துகிட்டே "அக்கா, படுத்திருந்தா ஒன்னுமே இல்லக்கா, எந்திரிச்சு பாத்ரூம் வரைக்கும் போனாத்தான் இழுக்குது"ன்னு சொன்னான். கொரோனா சமயத்துல வாங்குன ஆக்சிமீட்டர் பீரோவுல கெடந்துச்சு, டிவி ரிமோட்டு பேட்டரிய கழட்டி அதுல போட்டு அவன் நடுவிரல்ல மாட்டுனேன். அவன் நகமெல்லாம் தேஞ்சு பாதிதான் இருக்கும், சில நேரம் மெஷின் சரியா புடிக்காது, அதனால மூணு தடவ எடுத்தேன். படுத்திருக்கும்போது 95. உக்கார வச்சேன், 91. செவுத்த புடிச்சு நிக்க வச்சு ஒரு நிமிஷம் பாத்துகிட்டே இருந்தேன், 90, 89, 88, கடைசியா 86ல நின்னுச்சு. திரும்ப படுக்க வச்சா கொஞ்ச நேரத்துல 94 வந்துடுச்சு.

எங்க தாத்தாவுக்கு ஹார்ட் வீக்கா இருந்தப்ப அவருக்கு படுத்தாத்தான் மூச்சு முட்டும், ரெண்டு தலகாணி வச்சு சாஞ்சு உக்காந்துதான் தூங்குவாரு. இவனுக்கு அப்படியே தலைகீழ். அந்த நாலு நம்பரையும் ஒரு காலண்டர் தாள்ல எழுதி வச்சேன். அதுக்கு முன்னாடி எட்டு மாசமா நாங்க அலைஞ்ச அலைச்சலுக்கு பதில் அந்த தாள்லதான் இருந்துச்சுன்னு அப்ப எனக்கு தெரியாது. அதத்தான் இன்னிக்கு எழுதறேன், ஏன்னா தம்பிக்கு இருக்கற இதே நோயோட இன்னும் சில குடும்பங்க இருக்கும், அவங்களுக்கும் ரத்த ரிப்போர்ட்ட மட்டும் பாத்துட்டு "எல்லாம் நார்மல்"னு சொல்லி அனுப்பிகிட்டு இருப்பாங்க.

தம்பிக்கு இருக்கறது டிஸ்கெரட்டோசிஸ் கன்ஜெனிட்டா. பத்து லட்சத்துல ஒருத்தருக்குன்னு புத்தகத்துல போட்டிருக்கும். இப்ப இத டெலோமியர் பயாலஜி டிஸ்ஆர்டர்னு, அதாவது குரோமோசோம் நுனி தேயற நோய்ங்கன்னு, ஒரு பெரிய குடும்பத்துக்குள்ள வச்சு பேசறாங்க, எனக்கு அந்த பேருதான் சரின்னு படும். ஏன்னா பழைய பேரு தோல பத்தினது. 1906ல ஜெர்மனியில ஜின்சர்னு ஒரு தோல் டாக்டர் முதல்ல எழுதுனாரு, அப்புறம் 1926ல எங்மன், 1930ல கோல், மூணு பேரு பேரையும் சேத்து சொல்றதும் உண்டு. அவங்க கண்ணுல பட்டது மூணு விஷயம், நகம் கெட்டுப்போறது, கழுத்துலயும் நெஞ்சுலயும் வலை பின்னுன மாதிரி கருப்பு, நாக்குல வெள்ளைத்திட்டு. அதனால ரொம்ப காலம் இது தோல் நோயாவே இருந்துச்சு. அப்புறம் பிள்ளைங்க ரத்தம் ஊறற எலும்பு மஜ்ஜை வேலை செய்யாம போய் சாகறாங்கன்னு தெரிஞ்சு ரத்த நோயாச்சு. எங்க வீட்டுலயும் அதே வரிசையிலதான் புரிஞ்சுகிட்டோம், முதல்ல தோல், அப்புறம் ரத்தம், கடைசியிலதான் ரத்தக்குழாய்.

தோல பத்தி சொல்லணும்னா எங்க அம்மா இன்னிக்கும் அழுவாங்க. அவனுக்கு எட்டு வயசுல கழுத்து கருக்க ஆரம்பிச்சுச்சு. ஒழுங்கா குளிக்க மாட்டேங்கறான், அழுக்கு சேந்திருக்குன்னு நெனச்சு ஞாயித்துக்கிழமையானா எண்ணெய் தேச்சு பீர்க்கங்கா நார வச்சு கழுத்த தேய் தேய்னு தேப்பாங்க, அவன் கத்துவான், தோல் செவந்து போகும், கருப்பு மட்டும் போகாது. கிட்ட போயி பாத்தா அது அழுக்கு மாதிரியே இருக்காது, மீன் வலைய விரிச்ச மாதிரி கருப்பு கோடும் நடுவுல வெள்ளை வெள்ளையா புள்ளியும் இருக்கும். நகம் நீளவாக்குல கோடு விழுந்து பிளந்து சின்னதாயிட்டே வந்துச்சு, பூஞ்சைனு சொல்லி ரெண்டு வருஷம் மருந்து தடவுனோம். கண்ணுல எப்பவும் தண்ணி வழியும், அது கண்ணீர்க்குழாய் சுருங்கிப் போனதால வர்றது, அதுவும் இதே நோயோட வேலைதான்.

2018ல அவனுக்கு 16 வயசு, காய்ச்சல்னு போனப்ப பிளேட்லெட் 32,000. டெங்குன்னு அட்மிட் பண்ணாங்க. டெங்குல ஒரு வாரத்துல ஏறிடும்ல, இவனுக்கு மாசக்கணக்குல ஏறவே இல்ல. அப்புறம் ஹீமோகுளோபினும் எறங்குச்சு, வெள்ளை அணுவும் எறங்குச்சு. ஒரு ஜூனியர் டாக்டர், பொம்பளப்புள்ள, ஊசி போட வந்தவங்க அவன் கையப் புடிச்சு நகத்த பாத்துட்டு, சட்டைக் காலர கொஞ்சம் எறக்கி கழுத்த பாத்துட்டு, "வாயத் தொறப்பா"ன்னு சொல்லி நாக்கப் பாத்துட்டு ஒன்னும் பேசாம வேகமா வெளிய போனாங்க. பெரிய டாக்டரோட திரும்பி வந்தாங்க. எங்க வாழ்க்கைய மாத்துன பத்து நிமிஷம் அது. ஜீன் டெஸ்ட்டுல டிகேசி1னு வந்துச்சு, 1998ல கண்டுபுடிச்ச ஜீன், எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. அம்மாகிட்ட இருந்து பையனுக்கு வரும். பொண்ணுகளுக்கு ரெண்டு எக்ஸ் இருக்கறதால ஒன்னு கெட்டாலும் இன்னொன்னு பெரும்பாலும் காப்பாத்திடும்.

டெலோமியர்னா என்னன்னு நான் எல்லாருக்கும் சொல்றது இப்படித்தான், பாவாடை நாடாவோட நுனியில ஒரு முடிச்சு போட்டு வச்சாத்தான் நூல் பிரியாது, அந்த முடிச்சு மாதிரி குரோமோசோமோட ரெண்டு நுனியிலயும் டிடிஏஜிஜிஜி, டிடிஏஜிஜிஜின்னு ஒரே ஆறு எழுத்து திரும்பத் திரும்ப ஆயிரக்கணக்குல இருக்கும். செல் ஒவ்வொரு தடவ ரெண்டா பிரியும்போதும் அதுல கொஞ்சம் கொறையும். கொறையறத திரும்ப ஒட்ட வைக்கற என்சைம்தான் டெலோமரேஸ், அதுக்கும் டெலோமியருக்கும் 2009ல எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் மூணு பேருக்கு நோபல் குடுத்தாங்க. தம்பிக்கு கெட்டுப்போன அந்த டிகேசி1 ஜீன் செய்யற டிஸ்கெரின்ங்கற புரோட்டீன் அந்த என்சைம் நிலையா நிக்கறதுக்கு வேணும். அது சரியில்லாததால நுனி சீக்கிரம் தேஞ்சுடும், தேஞ்ச செல் பிரியறத நிறுத்திடும். எப்பவும் பிரிஞ்சுகிட்டே இருக்கற செல்லுங்க முதல்ல அடி வாங்கும், அதாவது எலும்பு மஜ்ஜை, தோல், வாய், குடல்.

ரத்தக்குழாய் உள்ள இருக்கற மெல்லிசான படலமும் செல்லுதான்னு அப்ப எங்களுக்கு யாரும் சொல்லல. அதுவும் காலத்துக்கு முன்னாடி கிழமாகும்ங்கறதுதான் இப்ப ஆராய்ச்சி பண்றவங்க குடுக்கற விளக்கம்.

ஒன்னரை வருஷம் டானசோல் மாத்திரைல ஓட்டுனோம், அது ஆண் ஹார்மோன் வகை, அதுல ரத்த அணு ஏறும். 2016ல அமெரிக்காவுல 27 பேருக்கு குடுத்து பாத்து டெலோமியரே கொஞ்சம் நீளமாச்சுன்னு எழுதியிருக்காங்க. ஆனா அது ஈரல பாதிக்கலாம்னு ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஸ்கேன் எடுத்துகிட்டே இருந்தோம். அது பத்தாம போய் 2021ல போன் மேரோ டிரான்ஸ்பிளான்ட், அதாவது எலும்பு மஜ்ஜை மாத்தறது. நான்தான் டோனர். எனக்கு அந்த ஜீன் இல்லைன்னு டெஸ்ட் பண்ணி உறுதியான அப்புறம்தான் ஒத்துகிட்டாங்க, இது ரொம்ப முக்கியம், வெளிய நல்லா தெரியற அக்கா தங்கச்சி அண்ணன் தம்பிக்கும் அதே நோய் உள்ள இருக்கலாம், டெஸ்ட் பண்ணாம அவங்க மஜ்ஜைய எடுத்து வச்சா அதுவும் வேலை செய்யாம போகும். டிரான்ஸ்பிளான்ட்டுக்கு முன்னாடி குடுக்கற கீமோவையும் கொறச்சுத்தான் குடுத்தாங்க, இவங்க உடம்பு முழு டோஸ தாங்காது, நுரையீரலும் ஈரலும் போயிடும்.

டிரான்ஸ்பிளான்ட் ஜெயிச்சுது. 100 நாள் தாண்டுச்சு, ஒரு வருஷம் தாண்டுச்சு. அவன் பிளட் குரூப் என் குரூப்பா மாறுச்சு. இப்ப அவன் ரத்தத்த எடுத்து குரோமோசோம் பாத்தா பொண்ணுன்னுதான் வரும். டெலோமியர் நீளத்த அளக்கற டெஸ்ட்ட இப்ப அவன் ரத்தத்துல பண்ணா நல்லா நீளமா வரும், ஆனா அது என்னோட டெலோமியர். இதக் கேட்டுட்டு எங்க அப்பா "அப்ப நோய் போயிடுச்சுல்ல"ன்னு கேட்டாரு. நாங்க எல்லாருமே அப்படித்தான் நெனச்சோம்.

2023 கார்த்திகைல ஹீமோகுளோபின் 13ல இருந்து 8.4க்கு எறங்குச்சு. என் மஜ்ஜை அவன் உடம்புல தோத்துப்போச்சுன்னு நான் ரெண்டு ராத்திரி தூங்கல. ஆனா வெள்ளை அணு சரியா இருந்துச்சு, ஃபெரிட்டின் 6தான் இருந்துச்சு, அதாவது உடம்புல இரும்பே இல்ல. டாக்டர் கேட்டாரு, "மலம் கருப்பா போகுதா, இரும்பு மாத்திரை ஏதும் சாப்பிடறியா?" மாத்திரை சாப்பிடல. ஆனா ரெண்டு மாசமா தார் மாதிரி கருப்பாத்தான் போயிருக்கு, வெக்கப்பட்டு எங்ககிட்ட சொல்லல. எண்டோஸ்கோப்பில அந்த வீடியோவ எனக்கும் காமிச்சாங்க, வயித்துச் செவுத்துல அங்கங்க செவப்பா, குங்குமத்த தண்ணியில தொட்டு விரலால தெளிச்ச மாதிரி புள்ளி, கிட்ட போனா ஒவ்வொரு புள்ளியும் சிலந்தி கால விரிச்ச மாதிரி மெல்லிசு மெல்லிசா ரத்தக்குழாய். டெலாஞ்சியெக்டேசியான்னு பேரு. குழாய் விரிஞ்சு செவுரு மெல்லிசாகி கசியும். ஆர்கான் வாயு வச்சு சுட்டு அடைச்சாங்க, இரும்பு ஊசி போட்டாங்க, வலி மாத்திரைல புருஃபன் வகையே தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க.

அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது. ஓடற ரத்தம் என்னோடது, ஆனா அது ஓடற குழாய் அவனோடது. மஜ்ஜைய மாத்தலாம், உடம்பு பூரா இருக்கற ரத்தக்குழாய எப்படி மாத்தறது. ஈரல், நுரையீரல், கண்ணு, குடல் எல்லாம் அவன் பொறந்தப்ப வந்ததுதான்.

அதுக்கப்புறம் நான் படிக்க ஆரம்பிச்சேன். நான் படிச்சது காமர்ஸ், வேலை ஆடிட்டர் ஆபீஸ்ல, ஆனா கிடைச்ச கட்டுரையெல்லாம் டிக்ஷனரிய வச்சுகிட்டு ராத்திரில படிச்சேன். இதே குடும்பத்துல கோட்ஸ் பிளஸ்னு ஒன்னு இருக்கு. 1908ல ஜார்ஜ் கோட்ஸ்னு ஒரு கண் டாக்டர் விழித்திரை ரத்தக்குழாய் விரிஞ்சு கசியறத எழுதுனாரு, அது பெரும்பாலும் ஆம்பளப் பசங்களுக்கு ஒரு கண்ணுல மட்டும் வரும். கோட்ஸ் பிளஸ்ல ரெண்டு கண்ணும் போகும், கூடவே மூளையில சுண்ணாம்பு படிஞ்சு கட்டியாகும், எலும்பு ஒடியும், குடல்ல ரத்தம் கசியும். 2012ல அது சிடிசி1ங்கற ஜீனால வருதுன்னு கண்டுபுடிச்சாங்க, அதுவும் டெலோமியர பாத்துக்கற ஜீன்தான். இதுல ஒரு சிக்கல் என்னன்னா சில பேருக்கு ரத்தத்துல டெலோமியர் நீளம் சாதாரணமாவே இருக்கும், ஆனா ரத்தக்குழாய் பூரா கெட்டுப்போயிருக்கும். ரெவஸ் சிண்ட்ரோம்னு இன்னொன்னு, டின்எஃப்2 ஜீன், அதுலயும் கண்ணு ரத்தக்குழாய் முக்கியமா அடி வாங்கும். இதெல்லாம் படிச்சுட்டு அடுத்த நாளே அவன கண்ணாஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயி சொட்டு மருந்து விட்டு கண்ணுப் பாப்பாவ விரிய வச்சு விழித்திரைய பாக்கச் சொன்னேன். நல்லவேளை அங்க ஒன்னும் இல்ல. இப்ப வருஷா வருஷம் பாக்கறோம். கண்ணுல ஆரம்பத்துலயே தெரிஞ்சா லேசர்ல அடைக்க முடியும், பார்வை போனதுக்கு அப்புறம் ஒன்னும் பண்ண முடியாது.

மூச்சு வாங்கறது அந்த கார்த்திகை மாசக் கடைசியிலயே லேசா ஆரம்பிச்சுச்சு. ரத்தம் கம்மி அதான்னாங்க, இரும்பு ஏறி ஹீமோகுளோபின் 12 வந்த அப்புறமும் மூச்சு வாங்குச்சு. இந்த நோயில நுரையீரல் தழும்பாகி இறுகிப் போறது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், அதனால சிடி எடுத்தாங்க, தழும்பு இல்ல. ஊதற டெஸ்ட் பண்ணாங்க, அதுவும் ஏறக்குறைய சரி. ஆனா வாயு நுரையீரல்ல இருந்து ரத்தத்துக்குள்ள எவ்ளோ போகுதுன்னு பாக்கற டிஎல்சிஓங்கற ஒரு நம்பர் மட்டும் 41 சதவீதம்னு ரிப்போர்ட்ல ஒரு ஓரத்துல இருந்துச்சு, அத யாரும் பெருசா எடுத்துக்கல. ஒரு இடத்துல ஆஸ்துமான்னு இன்ஹேலர் குடுத்தாங்க. இன்னொரு இடத்துல "இவ்ளோ பெரிய டிரீட்மென்ட் பாத்த பையன், மனசு பயந்துருக்கு, எங்கயாவது டூர் கூட்டிட்டுப் போங்க"ன்னு சொன்னாங்க. அவன் அத நம்பி தன்னையே திட்டிகிட்டான், "நான்தான்க்கா பயந்து சாகறேன்"னு. அது எனக்கு இன்னிக்கும் ஆறல.

காலண்டர் தாள எடுத்துகிட்டு டிரான்ஸ்பிளான்ட் பண்ண டாக்டர்கிட்டயே போனேன். அவரு அந்த நாலு நம்பரையும் பாத்தாரு, கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் தம்பியோட விரல் நுனிய திருப்பித் திருப்பி பாத்தாரு, நெஞ்சுல சட்டைய விலக்கி சின்னச் சின்ன சிலந்தி மாதிரி செவப்பு இருக்கான்னு பாத்தாரு, இருந்துச்சு. "ஏம்மா, இவனுக்கு ஈரல் ஸ்கேன் எப்ப எடுத்தீங்க?"ன்னு கேட்டாரு. மூச்சு வாங்குதுன்னு வந்தா ஈரல கேக்கறாரேன்னு எனக்கு ஒன்னும் புரியல.

ரெண்டு நாள் கழிச்சு பபிள் எக்கோ, அதாவது ரத்தத்துல குமிழி விட்டு இதயத்த ஸ்கேன்ல பாக்கற டெஸ்ட். இத நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். ரெண்டு சிரிஞ்ச ஒரு சின்ன குழாயில எதிரெதிரா மாட்டி, உப்புத் தண்ணியோட துளி காத்த விட்டு இதுல இருந்து அதுக்கு அதுல இருந்து இதுக்குன்னு டக் டக்னு தள்ளுனாங்க, டீக்கடையில ஆத்தற மாதிரி, நுரையாயிடுச்சு. உடனே கையில இருக்கற ஊசி வழியா ஏத்துனாங்க. ஸ்கிரீன்ல இதயத்தோட வலது பக்கம் அப்படியே வெள்ளை வெள்ளையா நெறஞ்சுச்சு. அந்த டெக்னீஷியன் மேடம் மெதுவா எண்ணுனாங்க, ஒன்னு, ரெண்டு, மூணு. நாலாவது துடிப்புல இடது பக்கத்துல பனித்துளி மாதிரி ஒன்னு ரெண்டு வெள்ளை வந்துச்சு, அஞ்சாவதுல நிறைய வந்துச்சு. மேடம் எண்ணறத நிறுத்திட்டாங்க.

அந்த குமிழி நுரையீரல தாண்டவே கூடாது. நுரையீரல்ல இருக்கற நுண்குழாய் அவ்ளோ சின்னது, குமிழி அதுல மாட்டி கரைஞ்சுடும். இதயத்துல ஓட்டை இருந்தா உடனே, முதல் ரெண்டு மூணு துடிப்புக்குள்ள இடது பக்கம் வந்துடும். மூணு துடிப்பு தாண்டி வந்தா அது நுரையீரல் வழியாத்தான் வந்திருக்கு, அங்க குழாய் விரிஞ்சு போயிருக்குன்னு அர்த்தம். விரிஞ்ச குழாயில ரத்தம் வேகமா ஓடும், ஆக்சிஜன் எல்லா ரத்தத்துக்கும் போயி சேராது. அந்த விரிவு பெரும்பாலும் நுரையீரலோட கீழ்ப்பகுதில இருக்கும், எந்திரிச்சு நின்னா ரத்தம் கீழ எறங்கி அங்கதான் நெறய போகும், அதனாலதான் நின்னா 86, படுத்தா 95. ஹெப்பட்டோபல்மனரி சிண்ட்ரோம், ஈரல் கெட்டா நுரையீரல் ரத்தக்குழாய் விரியறது. டெலோமியர் நோயில இது அபூர்வம்னு நெனச்சிருந்தாங்க, ஆனா 2015ல அமெரிக்காவுல இந்த நோய் உள்ள 42 பேர பாத்ததுல 9 பேருக்கு இது இருந்திருக்கு, அதுவும் தழும்பு வர்றவங்கள விட சின்ன வயசுலயே. இத படிச்சப்ப அழுகையும் கோவமும் சேந்து வந்துச்சு, எட்டு மாசம் இன்ஹேலர் உறிஞ்சுகிட்டு இருந்தானே.

ஈரல் டெஸ்ட் எல்லாம் நார்மல்னுதான் இத்தன வருஷமா வந்துச்சு. மஞ்சக்காமாலை இல்ல, எஸ்ஜிபிடிங்கற ஈரல் என்சைமும் சரியா இருந்துச்சு. ஆனா மண்ணீரல் 15 சென்டிமீட்டருக்கு வீங்கியிருந்துச்சு, டிரான்ஸ்பிளான்ட்டுக்கு அப்புறம் பிளேட்லெட் ஏன் 1,10,000ம்லயே நின்னுச்சுன்னா அதனாலதான். கழுத்து ரத்தக்குழாய் வழியா ஈரல் வரைக்கும் கம்பி விட்டு துளி சதை எடுத்து பாத்தாங்க, சிரோசிஸ் இல்ல. ஈரலுக்குள்ள இருக்கற சின்னச் சின்ன ரத்தக்குழாய் கெட்டுப்போய், ஈரல் செல் கொப்புளம் கொப்புளமா திரும்ப வளந்து, உள்ள வர்ற ரத்தத்துக்கு வழி அடைபட்டு அழுத்தம் ஏறியிருக்கு. தண்ணி போற வாய்க்கால அடைச்சா பக்கத்து வயல்ல பாயுமே, அது மாதிரி அந்த ரத்தம் உணவுக்குழாய்ல இருக்கற ரத்தக்குழாய்ல போய் முட்டி அதெல்லாம் புடைச்சு நிக்கும், ஒரு நாள் வெடிச்சா ரத்த வாந்திதான். எண்டோஸ்கோப்பில அதையும் பாத்து ரப்பர் வளையம் போட்டாங்க.

ரத்த வாந்தின்னு டாக்டர் சொன்னப்ப அம்மா என் கைய இறுக்கிப் புடிச்சாங்க. அத அப்புறம் சொல்றேன்.

இப்ப வீட்டுல ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடுது, நிமிஷத்துக்கு 2 லிட்டர், நடந்தா 3. ரத்தத்துல ஆக்சிஜன் அழுத்தம் 58, 60க்கு கீழ போனாலே கடுமைன்னு வகைப்படுத்தறாங்க. இதுக்கு முழுசா கேக்கற வைத்தியம் ஈரல் மாத்தறதுதான், மாத்துன அப்புறம் நுரையீரல் குழாய் மாசக்கணக்குல மெதுவா சுருங்கி பழைய நிலைக்கு பெரும்பாலும் வந்துடும். ஆனா இவனுக்கு பின்னாடி நுரையீரல் தழும்பு வரலாம், வாயில கேன்சர் வரலாம், எல்லாத்தையும் கணக்கு பாத்துத்தான் முடிவெடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. தமிழ்நாட்டுல உறுப்பு தானத்த பாத்துக்கற அரசு அமைப்பு டிரான்ஸ்டான்ல பேரு பதியற வேலையும் நடக்குது. உயிரோட இருக்கறவங்க குடுக்கறதுன்னா அம்மா குடுக்க முடியாது, அந்த ஜீன் அவங்ககிட்ட இருக்கு. அப்பாவுக்கு அந்த பிரச்சனையே இல்ல, எக்ஸ்ல வர்ற நோய் அவர் வழியா வரல. அவருக்கு 50 வயசு, ஈரல்ல கொழுப்பு இருக்கு, கொறச்சா பாக்கலாம்னு சொன்னாங்க. அன்னில இருந்து காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு திண்டுக்கல் ரோட்டுல பால் பண்ணை வரைக்கும் போயிட்டு வர்றாரு, பரோட்டா வாசம் வந்தா மூஞ்சிய திருப்பிக்கறாரு. நாலு மாசத்துல 9 கிலோ.

இந்த நோய் வீட்டுல இருக்கறவங்களுக்கு நான் கை கூப்பி கேக்கறது இதுதான். டிரான்ஸ்பிளான்ட் முடிஞ்சு கவுன்ட் நல்லா இருந்தாலும் ஆக்சிமீட்டர் ஒன்னு வாங்கி மாசம் ஒரு தடவ படுத்தும் பாருங்க, நின்னும் பாருங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்தா அந்த நம்பர எழுதி எடுத்துட்டுப் போயி பபிள் எக்கோ எடுக்கலாமான்னு வாய விட்டு கேளுங்க. சில பேருக்கு நுரையீரல்ல சுத்திப்போற பெரிய குழாயே உருவாகி ரத்தம் குறுக்கு வழியில ஓடும், அதுல காத்துக்குமிழியோ கட்டியோ கிருமியோ வடிகட்டாம நேரா மூளைக்குப் போயிடலாம், அதனால பல்லு புடுங்கப் போனாக்கூட முன்னாடியே சொல்லணும். மலம் என்ன கலர்ல போகுதுன்னு வெக்கப்படாம கேளுங்க. மண்ணீரல் வீக்கத்த, ஈரலுக்குப் போற ரத்த ஓட்டத்த டாப்ளர் ஸ்கேன்ல பாக்கச் சொல்லுங்க, எஸ்ஜிபிடிய மட்டும் நம்பாதீங்க. குடல் கசிவு அடங்காம போனா புதுசா ரத்தக்குழாய் முளைக்கறத தடுக்கற பெவாசிசுமாப், தாலிடோமைடு மாதிரி மருந்து சில பேருக்கு குடுத்து கேட்டிருக்குன்னு கட்டுரை வந்திருக்கு, உங்க டாக்டர்கிட்ட அதையும் பேசுங்க. டாக்டருங்க மேல எனக்கு கோவம் இல்ல, வாழ்நாள்ல ஒருத்தர பாப்பாங்களோ என்னவோ. நாமதான் சேத்து வச்சு சொல்லணும்.

இப்ப மாமா விஷயம்.

அம்மாவோட அண்ணன், எனக்கு தாய்மாமன், நான் பொறக்கறதுக்கு முன்னாடியே 1994ல செத்துட்டாரு, 24 வயசு. வீட்டுல ஒரே ஒரு போட்டோ இருக்கு, முழுக்கை சட்டை போட்டு காலர் பட்டன் வரைக்கும் மாட்டியிருப்பாரு, மீசை அரும்புன வயசுலயே முடி பாதி நரைச்சிருக்கும். ஒரு நாள் விடியக்காலைல வாசல்ல உக்காந்து ரத்தமா வாந்தி எடுத்தாரு, டவுன் ஆஸ்பத்திரிக்கு போறதுக்குள்ள வழியிலயே முடிஞ்சுபோச்சு. ரத்த வாந்தின்னா ஊர்ல ஒரே அர்த்தம்தான், சாராயம். ஈரல் வெந்துருச்சுன்னு சொல்லிட்டாங்க. அவரு டீ கூட குடிக்க மாட்டாராம். ஒளிச்சு வச்சு குடிச்சிருக்கான், பெத்தவளே மூடி மறைக்கறான்னு அம்மாச்சி காதுபடவே பேசியிருக்காங்க. எங்க அம்மாவ பொண்ணு கேட்டு வந்த முதல் ரெண்டு வீடும் குடிகாரன் குடும்பம்னு திரும்பிப் போயிருச்சு. முப்பது வருஷம் அம்மாச்சி எந்த கல்யாண வீட்டுலயும் முன் வரிசையில உக்காந்ததில்ல.

நகம் எப்படி இருந்துச்சுன்னு அம்மாச்சிகிட்ட கேட்டேன். "அவனுக்கு நகமே கெடையாதேடி, பூச்சி தின்னுருச்சுன்னு மருதாணி அரைச்சு கட்டுவேன்"னு சொன்னாங்க. கழுத்து? "கருப்பா இருக்கும், கூச்சப்பட்டு பட்டனக் கழட்டவே மாட்டான்." அம்மா அடுப்படிக்குள்ள போயிட்டாங்க.

நான் ஒக்காந்து எல்லாத்தையும் சொன்னேன், ஈரல் வாய்க்கால் அடைபட்டது, ரத்தக்குழாய் வெடிச்சது, தம்பிக்கு இருக்கறதுதான் மாமாவுக்கும் இருந்திருக்கும், குடிச்சதால வந்ததில்லைன்னு. அம்மாச்சி ரொம்ப நேரம் ஆக்சிஜன் மெஷின் கொட கொடன்னு ஓடறதையே பாத்துகிட்டு இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க, "அந்த டாக்டர்கிட்ட இத எழுதி வாங்க முடியுமாடி? அவன் குடிக்கலைன்னு?"

அடுத்த தடவ போனப்ப டாக்டர்கிட்ட தயங்கித் தயங்கி கேட்டேன். "நான் அவரப் பாக்கலையேம்மா, சர்டிபிகேட்டா தர முடியாது"ன்னு சொன்னாரு. சரிங்க சார்னு எந்திரிச்சேன். "இரும்மா"ன்னு சொல்லிட்டு தம்பியோட கேஸ் சம்மரில குடும்ப விவரம்னு இருக்கற இடத்துல அவரே டைப் பண்ணாரு. தாய்மாமன், 24 வயதில் ரத்த வாந்தியால் மரணம், நகச்சிதைவும் கழுத்தில் கருமையும் இருந்தன, இதே மரபு நோயாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம், மதுப்பழக்கம் இல்லை. தமிழ்லயே அடிச்சு, கீழ கையெழுத்துப் போட்டு சீல் வச்சுக் குடுத்தாரு.

அம்மாச்சிக்கு எழுத்து கூட்டித்தான் படிக்க வரும். கடைசி ரெண்டு வார்த்தைய விரல வச்சு மூணு தடவ படிச்சாங்க. அப்புறம் செருப்ப மாட்டிகிட்டு அந்த தாளோட தெருவுல எறங்கி, ஒவ்வொரு வீடா போனாங்க.